சத்திரத்து ராஜா

கலியபெருமாளுக்கு அறுபத்தோரு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. இதில் குருவுக்கு ஒரு சங்கடமும் இல்லை. சீடருக்குத்தான் முதல் சில வாரங்கள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

குரு பிலோமினா டீச்சர், நெடுந்துறை அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சீடர் அதே பள்ளியில் வரலாறு நடத்தி, தலைமையாசிரியராகி, மாலை போட்டு வழியனுப்பப்பட்டவர். பதவியில் இருந்தபோது பரீட்சை நெருங்கினால் ஓவிய வகுப்பைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார். டீச்சர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே அது அவருக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

ஓய்வுபெற்றதும் கலியபெருமாள் செய்தித்தாளைச் சிவப்பு மையால் திருத்தத் தொடங்கினார். பிறகு கல்யாணப் பத்திரிகைகளுக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பத்திரிகையைத் திருத்தி அவர்களிடமே திருப்பிக் கொடுத்த அன்று மனைவி தையல்நாயகி வாயைத் திறந்தாள்.

"எங்கயாவது போயி யாருக்காவது பாடம் நடத்துங்க. இல்லாட்டி நான் எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பறேன்."

"யாருக்கு நடத்தறது?"

"எனக்கு வேண்டாம். அவ்வளவுதான் சொல்லுவேன்."

ஊரில் ஒரு வகுப்பு இருந்தது. சனிக்கிழமைதோறும் பிலோமினா டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழைய சத்திரத்துக்கு அழைத்துப்போவார். நடைவழிப் பயணிகளுக்குச் சோறு போட்ட சத்திரம். இப்போது சோறும் இல்லை, பயணியும் இல்லை. நடு மண்டபத்து விதானத்தில் மட்டும் ஓர் ஓவியம் இருக்கிறது. ஆட்கள் வரிசையாக நடந்துபோகிறார்கள். அடுப்புப் புகையும் விளக்குப் புகையும் படிந்து பாதி கறுத்துவிட்டது. நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதனால் வருகிறவர்கள் வாசலில் நட்டிருக்கும் பலகையைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

பலகையில் இப்படி இருந்தது: மன்னர் பவனி. செங்கோல் ஏந்திய வேந்தர் வெற்றி வாகை சூடி வருகிறார். பின்னால் கொடி பிடிப்போர். பல்லக்குச் சுமப்போர். பகைவர் தலைகளைக் கூடைகளில் ஏந்தி வரும் வீரர்.

வாசகம் கலியபெருமாள் எழுதிக் கொடுத்தது. முப்பது வருஷமாக அவர் வகுப்பில் சொன்னதும் அதுதான். ஊரில் அவரிடம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் ராஜா படம் என்பார்கள்.

பொங்கல் கழிந்ததும் பிலோமினா டீச்சருக்குக் காரைக்குடிக்கு மாற்றல் என்று உத்தரவு வந்தது. சனிக்கிழமை வகுப்பை யாரிடம் விடுவது என்பதை இப்போதைய தலைமையாசிரியை டீச்சர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். கலியபெருமாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"அந்த வகுப்பை எனக்குக் குடுங்க டீச்சர்."

"உங்களுக்கு வரையத் தெரியுமா சார்?"

"தெரியாது. வரலாறு தெரியும்."

"எங்க வகுப்புல ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்கும்."

"அப்ப முடியாதுங்கறீங்களா?"

"வந்து கூட இருங்க சார். படம் முடிஞ்சப்புறம் சொல்றேன்."

அப்படித்தான் அவர் சீடரானார்.

முதல் சனிக்கிழமை நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி எடுத்துப்போனார். சத்திரத்து வாசலில் டீச்சர் ஒரு சாக்கை விரித்துப் பலகையின்மேல் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர் இது?"

"வெயில்ல எழுத்து மங்குது சார்."

"சாக்கைப் போட்டா யாரும் படிக்க முடியாதே."

"மங்கிட்டாலும் படிக்க முடியாதே சார்."

இது பதிலா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே உள்ளே போனார்.

மண்டபத்தின் தூண்களுக்கிடையே, விதானத்தில் படாமல் கொஞ்சம் கீழே, நெடுக்கும் குறுக்குமாக வெள்ளை நூல் கட்டியிருந்தது. படம் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிந்து தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர் கீழே தரையில் ஒரு பாய். பாயில் படுத்தால்தான் அந்தக் கட்டம் சரியாகத் தெரியும். நகர்ந்தால் பக்கத்துக் கட்டம் உள்ளே வந்துவிடும்.

டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஆளுக்கொரு கட்டம். பிறகு விதியைச் சொன்னார்.

"படுத்தா பாக்கணும். உக்காந்தா வரையணும். படுத்துக்கிட்டே வரையக் கூடாது. உக்காந்துக்கிட்டு அண்ணாந்து பாக்கக் கூடாது."

"மறந்துபோயிட்டா டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

"மறுபடி படு."

"தூங்கிட்டா?"

"பக்கத்துல இருக்கறவங்க கிள்ளி விடலாம்."

இன்னொரு விதியும் இருந்தது. அடுத்தவர் கட்டத்தை எட்டிப் பார்க்கலாம். அதில் இருப்பது இன்னது என்று பேர் சொல்லக் கூடாது. எல்லாக் கட்டத்தையும் ஒட்டி முடிக்கும்வரை இது என்ன படம் என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது.

கலியபெருமாள் குறிப்பைச் சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்தார்.

"இது எப்ப டீச்சர்?"

"ஒட்டினப்புறம் சார்."

"ஒண்ணும் தெரியாம பிள்ளைங்க எப்படி வரையும்?"

டீச்சர் ஒரு பாயை எடுத்து உதறினார். தூசி பறந்தது. மறுபடி விரித்துவிட்டுச் சீட்டுப் பெட்டியை அவரிடம் நீட்டினார்.

"உங்களுக்கும் ஒரு கட்டம் இருக்கு சார்."

அவருக்கு வந்தது படத்தின் நடுவில் இருந்த கட்டம். ராஜாவின் மார்பும் வலது கையும். கலியபெருமாளுக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, ராஜா எங்கிட்டயே வந்துட்டார்."

"எந்த ராஜா சார்?"

"சரி சரி. சொல்லலை."

தலைமையாசிரியராக இருந்தவர் எட்டாம் வகுப்புக்கு நடுவே பாயில் படுப்பது லேசான காரியமில்லை. முதலில் உட்கார வேண்டும். முழங்கால் சத்தம் போட்டது. பிறகு ஒரு கையை ஊன்றிச் சாய வேண்டும். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். எழுந்திருக்கும்போது அடக்க முடியவில்லை.

"சார், ஒருக்களிச்சு எந்திரிங்க. எங்க தாத்தா அப்படித்தான் எந்திரிப்பாரு."

"எனக்குத் தெரியும். நீ உன் கட்டத்தைப் பாரு."

பிள்ளைகள் படுத்தார்கள், எழுந்தார்கள், ஒரு கோடு போட்டார்கள், மறுபடி படுத்தார்கள். மண்டபம் முழுக்கச் சோளம் பொரிவதுபோல ஒருவர் மாற்றி ஒருவர் எழும்பிக்கொண்டே இருந்தார்கள். கலியபெருமாள் அதிகம் படுக்கவில்லை. இடுப்பு வலி ஒரு காரணம். இன்னொன்று, அவருக்குத் தெரிந்த படம். புகைக்கறைக்குள் கொஞ்சம் கை தெரிந்தது, கொஞ்சம் தடி தெரிந்தது. அது போதும். உட்கார்ந்து நிதானமாக வரைந்தார். தோளில் வங்கி. மணிக்கட்டில் கங்கணம். மார்பில் மூன்று வட முத்தாரம். முத்து முத்தாகப் போட்டார். தனக்கு இவ்வளவு வரும் என்று அவரே நினைக்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்.

"இன்னிக்கு முத்தாரம் வரைஞ்சேன்."

"வரைஞ்சதோட சரி. எனக்கு ஒண்ணு வாங்கித் தரலை," என்றாள் தையல்நாயகி. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்த பத்திரிகை எதுவும் திருத்தப்படவில்லை என்பதைக் கவனித்தாள்.

டீச்சர் அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். கட்டத்தில் இருக்கும் ஒரு பொருளை ஊரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தொட்டுப் பார்க்க வேண்டும், தூக்கிப் பார்க்க வேண்டும். முடிந்தால் கொண்டுவரலாம். அதற்குப் பேர் ஆராய்ச்சி.

கலியபெருமாள் மனைவியின் பெட்டியிலிருந்து ஒரு பழைய வங்கியைக் கொண்டுபோனார். பிள்ளைகள் கொண்டுவந்ததைப் பார்த்தபோது அவருக்குப் பாவமாக இருந்தது.

ஒரு பையன் ஆளுயர வாழையிலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மண்டபத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். நடக்கும்போது இலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று இன்னொருவன் பார்த்துச் சொன்னான். கொடிக்கு எங்கே போவான், கிடைத்ததைத் தூக்கி வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு பெண் பூசணிக்காயை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். வெட்டுண்ட தலைக்குப் பூசணிக்காய். பரவாயில்லை, சாமர்த்தியக்காரி என்று மனதுக்குள் மெச்சினார்.

விதி இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கட்டத்துக்கு நேர் மேலே இருந்த கட்டம் கனிஷ்காவுடையது. மெலிந்த பெண். எதைச் சொன்னாலும் ஒரு கணம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் படுத்தவள் அவள்தான். டீச்சர் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தபோது தாளோடு அவரிடம் வந்தாள்.

"சார், இது என்னன்னே தெரியலை."

வாங்கிப் பார்த்தார். கீழ்விளிம்பிலிருந்து ஒரு தடி மேலே ஏறியது. அவர் கட்டத்துத் தடியின் தொடர்ச்சி. தடியின் நுனியில் ஏதோ ஒன்று, ஒருபக்கம் சாய்ந்து, வாய் திறந்து இருந்தது.

"குழிவா இருக்கு சார். ஓரத்துலேருந்து ரெண்டு சொட்டு விழுது."

கலியபெருமாளுக்கு விதி ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு பிள்ளை தெரியவில்லை என்று வந்து நிற்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு முப்பது வருஷத்தில் அவர் பழகியதில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"தாமரை மொட்டும்மா. செங்கோல் நுனியில மொட்டு இருக்கும்."

"மொட்டு மூடித்தானே சார் இருக்கும்?"

"மேல புகை. உனக்குச் சரியாத் தெரியலை."

"அப்ப சொட்டு?"

"பனித்துளி."

கனிஷ்கா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். போய் உட்கார்ந்து வேறு தாளில் மொட்டு வரைந்து கொண்டுவந்து காட்டினாள். இதழ் இதழாக, நல்ல மொட்டு.

"இதான். பிரமாதம்," என்றார்.

ஒட்டும் நாள் வந்தது. மண்டபத்தின் ஓரத்தில் நீளமாகக் காடாத் துணி விரித்திருந்தது. டீச்சர் வீட்டிலிருந்து மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். கீழ் வரிசையிலிருந்து மேலே ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். பாதங்கள் வந்தன. கால்கள் வந்தன. வேட்டிக் கட்டு வந்தது. இங்கே ஒரு விரல் அங்கே ஒரு விரல் தள்ளியிருந்தாலும், கட்டத்துக்குக் கட்டம் ஏறக்குறைய சேர்ந்தது. ஒவ்வொன்று சேரும்போதும் சம்பந்தப்பட்ட இரண்டு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் கூடைகள் வந்தன. கூடைக்குள் உருண்டை உருண்டையாக இருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் காம்பு இருந்தது.

கலியபெருமாள் குனிந்து பார்த்தார். தலைக்கு ஏன் காம்பு?

"பூசணிக்காடா," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"பேர் சொல்லாத. இன்னும் ஒட்டி முடியலை."

பல்லக்கு வந்தது. இரண்டு பேர் தோளில் மூங்கில். மூங்கிலில் கயிறு. கயிற்றில் தொங்கியது வயிறு பெருத்த ஓர் அண்டா. வரைந்தவன் அதன் வாயில் எழும்பும் ஆவியைக்கூடப் போட்டிருந்தான். அடுத்து கொடிகள் வந்தன. நடுநரம்பு ஓடி, ஓரம் கிழிந்து, தோள்களின்மேல் ஆடின.

கலியபெருமாள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தார். இத்தனை பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே மாதிரியா தப்புப் பண்ணுவார்கள் என்று அடுத்து தோன்றியது. அந்த நினைப்பை அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய கட்டத்தை ஒட்டினார்கள். வங்கியும் கங்கணமும் முத்தாரமுமாக ஒரு மார்பு, ஒரு கை. கை ஒரு தடியைப் பிடித்திருந்தது. இடப்பக்கத்துக் கட்டத்தில் ஒரு துண்டின் நுனி மட்டும் காற்றில் தொங்கியது. அந்தத் துண்டு எந்தத் தோளிலிருந்து தொங்குகிறது என்பதற்கு அவர் கட்டத்தில் பதில் இல்லை.

பாக்கி ஒரு கட்டம். எல்லாரும் கனிஷ்காவைப் பார்த்தார்கள்.

அவள் கையில் இரண்டு தாள் இருந்தது.

"எதுக்கு ரெண்டு?" என்றார் டீச்சர்.

"ஒண்ணு படுத்துப் பாத்தது டீச்சர். ஒண்ணு சார் சொன்னது." கொஞ்சம் நிறுத்தி, "எதை ஒட்டறது?" என்றாள்.

கலியபெருமாள் தரையைப் பார்த்தார். டீச்சர் தன்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் பசைக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சாரைக் கேளு," என்றார்.

கனிஷ்கா இரண்டு தாளையும் அவர் முன்னால் நீட்டினாள்.

மொட்டை ஒட்டினால் செங்கோல் செங்கோலாக நிற்கும். ராஜா ராஜாவாக இருப்பார். பூசணிக்காய்க்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். வெற்றி விருந்து என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முப்பது வருஷமாகச் சமாளித்தவருக்கு அது பெரிய வேலை இல்லை. மற்றதை ஒட்டினால் வகுப்பு போய்விடும். விதியை மீறியதும் தெரிந்துவிட்டது, விஷயம் தெரியாததும் தெரிந்துவிடும். மறுநாள் காலையிலிருந்து மறுபடியும் செய்தித்தாள்.

"எதை சார்?"

"இரும்மா."

கலியபெருமாள் எழுந்து போனார். தன் பாயில் படுக்கவில்லை. கனிஷ்காவின் பாயில் உட்கார்ந்தார், கையை ஊன்றினார், சாய்ந்தார். நேர் மேலே நூல் கட்டம். அதற்குமேல் புகை. முதலில் கறுப்பாகத்தான் இருந்தது. அவர் காத்திருந்தார். கண் பழகப் பழகக் கறுப்புக்குள் ஒரு பழுப்பு தெரிந்தது. பழுப்புக்குள் ஒரு விளிம்பு. விளிம்பு வளைந்து ஒரு குழியானது. குழிக்குள் ஏதோ தளும்பியது. ஓரத்தில் ஒரு சொட்டு. அதன் கீழே இன்னொரு சொட்டு.

அவர் படுத்தபடியே பாயோடு கீழே நகர்ந்தார். தன்னுடைய கட்டத்தின் கீழ் வந்தார். அந்தக் கையில் கங்கணம் இல்லை. மார்பில் முத்தாரம் இல்லை. ஒரு துண்டு இருந்தது. முகத்தைப் பார்க்கப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தார். கிரீடம் என்று அவர் சொல்லிவந்தது, துணியில் ஒட்டியபோதும் கிரீடமாகவே பார்த்தது, முண்டாசு. அதன் கீழே வியர்வை வழியும் ஒரு முகம், அடுத்த பந்திக்கு நேரமாகிவிட்ட முகம்.

மண்டபத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நினைத்து இரண்டு பேர் ஓடினார்கள். கலியபெருமாள் சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கியது. எழுந்திருக்க முடியவில்லை.

"என்ன சார்?" என்றாள் கனிஷ்கா.

"கரண்டி," என்றார். "சோறு போடற இடத்துல வேற யாரை வரைவான்? சமையல்காரரைத்தான் வரைஞ்சிருக்கான். கரண்டியை ஒட்டும்மா."

"அப்ப பனித்துளி?"

"பாயசமா இருக்கும்."

"சாம்பாரா இருக்கலாம் சார்," என்றான் அண்டா வரைந்தவன்.

அதன் பிறகு சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. கனிஷ்கா கரண்டியை ஒட்டினாள். தடியோடு தடி சேர்ந்தது. வங்கியும் கங்கணமும் போட்ட ராஜாவின் கை ஒரு சமையல் கரண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் கலியபெருமாள் ஒருக்களித்து எழுந்தார். டீச்சர் பக்கம் வந்து தணிந்த குரலில் பேசினார்.

"என் கட்டத்தைப் பிச்சுக் குடுங்க டீச்சர். ஒரு வாரத்துல சரியா வரைஞ்சு கொண்டாரேன்."

"பசை காய்ஞ்சுபோச்சு சார்."

"இப்பத்தானே ஒட்டினோம்."

"நல்ல பசை சார்."

"எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்களே."

டீச்சர் துணியின் ஒரு ஓரத்தைப் பிடித்தார். "அந்தப் பக்கம் பிடிங்க. சுருக்கம் விழுது."

அவர் பிடித்தார். பிடித்தபடியே இன்னொன்று கேட்டார்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"எனக்கு மூலைக் கட்டம் சார். அதுல ஒரு வாழைத்தாரு இருக்கு. அது வரைக்கும் தெரியும்."

படத்தைக் காட்ட மாசி மாதத்தில் வைத்த கண்காட்சிக்கு ஊரே வந்தது. துணியைத் தூண்களுக்கிடையே தொங்கவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் இடக்கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பூசணிக்காயைப் பார்த்தார்கள், அண்டாவைப் பார்த்தார்கள். நடுவில் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

"இது என்ன, ராஜா பரிமாறறாரா?"

"ராஜாவா? துண்டு தொங்குது பாரு."

"அப்ப நகை?"

"மேல எப்படித்தான் இருக்கு?"

அண்ணாந்தார்கள். கழுத்து வலித்தது. கனிஷ்கா பாயைக் காட்டினாள். முதலில் பால்காரர் படுத்தார். பிறகு தபால்காரரும் அவர் மனைவியும். கல்வித் துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். பக்கத்தில் படுத்திருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்ததும் படுத்துவிட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பின் அந்தச் சத்திரத்தில் ஆட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். மேலே ஒருவர் கரண்டியோடு வந்துகொண்டிருந்தார்.

தையல்நாயகி துணியின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இதானா உங்க முத்தாரம்?"

"இதான்."

"நல்லாத்தான் இருக்கு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்னு சொல்லுவாங்க. உங்க ராஜாகிட்ட அகப்பை இருக்கு, சட்டியைத்தான் பிள்ளைங்க கொண்டாந்திருக்கு."

சொல்லிவிட்டு அவளும் ஒரு பாயைத் தேடிப் போனாள். மேலே பார்த்துவிட்டு வந்து, முப்பது வருஷமாக வீட்டில் அவள் கையில் இருந்ததை அவருக்கு மட்டும் அடையாளம் தெரியவில்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைய மத்தியானம் ஆகிவிட்டது. பிலோமினா டீச்சர் ஒரு தூணில் நூலை அவிழ்த்தார். கலியபெருமாள் எதிர்த் தூணில் அவிழ்த்தார். இருவரும் சுற்றிக்கொண்டே நடுவுக்கு வந்தார்கள்.

"அடுத்த வாரத்திலேருந்து வகுப்பை நீங்க பாத்துக்குங்க சார்."

கலியபெருமாளின் கை நின்றுவிட்டது.

"தப்பாச் சொல்லிக்குடுத்தவன்கிட்டயா குடுக்கறீங்க?"

"நூல் சிக்குது சார். சுத்துங்க."

அவர் சுற்றினார். ஒரு கட்டம் அவிழ்ந்தது. இன்னொன்று அவிழ்ந்தது. விதானம் மறுபடியும் ஒரே படமாகிக்கொண்டு வந்தது.

"புதுப் பிள்ளைங்க வரும் டீச்சர். வந்து, சார் இது என்னன்னு கேக்கும். நான் என்ன பண்றது?"

"உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாதுன்னு வச்சுக்குங்களேன்."

"படுத்துப் பாருங்க."

"தெரிஞ்சிருந்தா?"

டீச்சர் நூல்கண்டை அவர் கையில் வைத்தார்.

"அப்ப உடனே படுத்துடுங்க சார்."